மயக்க மருந்துத் தட்டைச் சர்க்கரைக் கண்ணோடு பார்த்தால்: செவோஃப்ளூரேன் முதல் டெக்ஸாமெத்தசோன் வரை ஒரு மதிப்பீடு

ஆபரேஷனுக்குப் போகும்போது 140 இருந்த சுகர், வார்டுக்குத் திரும்பியதும் 250-ஐத் தொட்டிருந்தால் சொந்தபந்தம் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "மயக்க ஊசி போட்டதால ஏறிடுச்சு." இதில் பாதிதான் உண்மை. மயக்க ஊசி என்று தனியாக ஒரு ஊசி கிடையாது. சாதாரண ஆபரேஷனுக்கே மயக்க மருத்துவரின் தட்டில் ஏழெட்டு மருந்துகள் இருக்கும். சில சர்க்கரையை ஏற்றும், சில ஏறவிடாமல் பிடித்துவைக்கும், சில அந்தப் பக்கமே போகாது. ஆகவே ஒவ்வொன்றையும் தனித்தனியாக எடுத்து, சர்க்கரை என்ற ஒரே அளவுகோலால் இங்கே மதிப்பிடுகிறோம். தூக்கம் எவ்வளவு சீராக வருகிறது, இதயத்துக்கு எது பாதுகாப்பு என்பதெல்லாம் வேறு கணக்கு. மருந்தைத் தேர்ந்தெடுக்கும் மருத்துவர் அந்தக் கணக்கையும் சேர்த்தே பார்ப்பார்.

மருந்தை எடைபோடும் முன் கத்தியின் பங்கைக் கழித்துவிட வேண்டும். வெட்டுப்பட்ட இடத்திலிருந்து நரம்பு வழியே செய்தி மூளைக்குப் போனதும் கார்டிசால், அட்ரினலின், குளுக்ககான், வளர்ச்சி ஹார்மோன் எல்லாம் கூடுகின்றன. கல்லீரல் சேர்த்துவைத்த கிளைக்கோஜனை உடைத்துச் சர்க்கரையாக ரத்தத்தில் விடுகிறது. போதாததற்குத் தசைப் புரதத்திலிருந்து புதிதாகவும் தயாரிக்கிறது. கணையமோ இன்சுலினைக் குறைத்துக்கொள்கிறது, சுரக்கிற இன்சுலினுக்கும் தசை சரியாக இணங்குவதில்லை. கண்புரை ஆபரேஷனில் இந்த அலை அநேகமாக எழுவதே இல்லை. சிறு துளை வழியே செய்யும் லேப்பராஸ்கோபியில் மிதமாக இருக்கும். வயிற்றைத் திறந்து செய்யும் பெரிய ஆபரேஷனில் முழு வேகத்தில் எழும். இன்சுலின் எடுபடாத நிலை முதல் நாளில் உச்சம் தொட்டு, அடங்க வாரக்கணக்கில்கூட ஆகும். எனவே எந்த மயக்க மருந்தானாலும் கேட்க வேண்டியவை இரண்டு. அது தன் பங்குக்குச் சர்க்கரையைக் கெடுக்கிறதா? கத்தி கிளப்பும் அலையை அடக்குகிறதா?

பழைய ஈதர் இந்தச் சோதனையில் தேறாது. 1846 அக்டோபர் 16 அன்று பாஸ்டனில் எல்லோர் முன்னிலையிலும் செய்து காட்டப்பட்ட அந்த மருந்து, அட்ரினலினைத் தானே கிளப்பிவிடும். சர்க்கரை நோய் இல்லாதவருக்கும் சுகர் ஏறும். "மயக்கம் கொடுத்தால் சுகர் ஏறும்" என்ற பேச்சு ஈதருக்கு முழுக்கப் பொருந்தும். இன்றைய தட்டுக்கு அப்படியே பொருந்தாது.

மூச்சு வழி மருந்துகள்: செவோஃப்ளூரேன், ஐசோஃப்ளூரேன், டெஸ்ஃப்ளூரேன்

மூன்றுக்கும் சர்க்கரை விஷயத்தில் ஒரே குணம். கணையத்தின் பீட்டா செல்லில் இன்சுலின் வெளிவருவதைத் தடுக்கின்றன. செயல்முறையைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நடைமுறை முடிவுகள் எல்லாம் அதிலிருந்துதான் வருகின்றன.

பீட்டா செல்லுக்குள் சர்க்கரை நுழைந்து எரிந்தால் ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறு கூடும். ஏடிபி கூடினால் செல் சுவரில் இருக்கும் கே-ஏடிபி என்ற பொட்டாசியம் வாசல் மூடும். வாசல் மூடியதும் செல்லின் மின்னழுத்தம் மாறி, கால்சியம் உள்ளே பாய்ந்து, இன்சுலின் வெளியே தள்ளப்படும். செவோஃப்ளூரேனும் ஐசோஃப்ளூரேனும் அந்த வாசலை மூடவிடுவதில்லை. ரத்தத்தில் சர்க்கரை ஏறினாலும் கணையத்துக்கு அது முழுதாக உறைப்பதில்லை. தினமும் பலர் விழுங்கும் கிளிமெபிரைடு, கிளிபென்கிளமைடு மாத்திரைகள் வேலை செய்வதும் இதே வாசலில்தான். அவை மூடும், இவை திறந்துவைக்கும்.

இதிலிருந்து மூன்று செய்திகள். ஒன்று, மருந்தை நிறுத்தி மூச்சில் வெளியேறியதும் தடை விலகிவிடும். மறுநாள் காலை சுகர் 240 என்றால் நேற்றைய செவோஃப்ளூரேனைக் குற்றம் சொல்வதில் பொருளில்லை. இரண்டு, மூச்சு மருந்து ஓடும்போது தேவையில்லாமல் குளுக்கோஸ் பாட்டில் ஏற்றினால் அது ரத்தத்திலேயே தேங்கும். 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் 500 மி.லி. என்றால் 25 கிராம் குளுக்கோஸ், அதாவது ஐந்தாறு தேக்கரண்டி சர்க்கரை. தாழ்சர்க்கரையோ இன்சுலின் டிரிப்போ இல்லாதவருக்கு ஆபரேஷனின் நடுவே அதற்கு அவசியம் இருப்பதில்லை. ரிங்கர் லாக்டேட்டில் உள்ள லாக்டேட்டும் சர்க்கரையாக மாறுமே என்று சிலர் தயங்குகிறார்கள். ஒரு லிட்டரில் உள்ள லாக்டேட் முழுவதும் மாறினாலும் மூன்று கிராம்கூடத் தேறாது. தயங்க வேண்டாம். மூன்றாவது செய்தியைப் பலர் கவனிப்பதில்லை: டைப் 1 சர்க்கரை நோயாளிக்கு இந்தத் தடை அநேகமாகப் பொருட்டே இல்லை. சொந்த இன்சுலின் இல்லாதவரிடம் தடுக்க என்ன இருக்கிறது? அவருக்குச் சர்க்கரை ஏறினால் காரணம் கத்தி, ஸ்டீராய்டு, அல்லது நிறுத்தப்பட்ட அடிப்படை இன்சுலின் (நாள் முழுக்க மெல்ல வேலை செய்வது).

சர்க்கரை என்ற ஒரே அளவுகோலில் மூச்சு மருந்துகளுக்குப் பத்துக்கு ஐந்து கொடுக்கலாம். சர்க்கரை நோயாளிக்கு விலக்க வேண்டியவை அல்ல. ஓடும் நேரத்தில் அளந்துகொண்டிருக்க வேண்டியவை.

புரொப்போஃபால்

நரம்பில் போட்டுத் தூங்கவைக்கும் மருந்து இது. பால் போல வெள்ளையாக இருப்பதால் இதில் இனிப்பு இருக்குமோ என்று கேட்பவர்கள் உண்டு. இல்லை. மி.லி.க்கு 10 மி.கி. மருந்து; மற்றபடி 10 சதவீதம் சோயா எண்ணெய், 1.2 சதவீதம் முட்டை லெசித்தின், 2.25 சதவீதம் கிளிசரால், மீதி தண்ணீர். 70 கிலோ எடையுள்ளவருக்குக் கிலோவுக்கு 2 மி.கி. என்று போட்டால் 14 மி.லி.; அதில் எண்ணெய் 1.4 கிராம். இந்த அளவு எதையும் அசைக்காது.

இன்சுலின் சுரப்பை மூச்சு மருந்துகள் தடுக்கும் அளவுக்கு இது தடுப்பதில்லை. அதனால் ஆபரேஷன் முழுவதும் நரம்பு வழியாகவே புரொப்போஃபால் ஓட்டும் முறையில், மேஜையில் இருக்கும் நேரத்துச் சர்க்கரை பொதுவாகக் கொஞ்சம் கட்டுக்குள் இருக்கும். இந்த அனுகூலத்தைப் பெரிதாக விளம்பரப்படுத்த வேண்டியதில்லை. கத்தியின் அலை அப்படியேதான் இருக்கும், வார்டுக்குப் போனதும் வித்தியாசம் மங்கிவிடும். எலிகளில் செய்த ஆய்வுகளில் புரொப்போஃபால் இன்சுலின் எதிர்ப்பைக் கூட்டியதும் தெரிந்திருக்கிறது. எனவே சர்க்கரைக்காக மட்டும் செவோஃப்ளூரேனை விட்டுப் புரொப்போஃபாலுக்கு மாறச் சொல்ல மாட்டோம். வாந்தி வரும் சுபாவம் உள்ளவருக்கு மாறுவது வேறு விஷயம், அதில் சர்க்கரைக்கும் மறைமுக லாபம் உண்டு. டெக்ஸாமெத்தசோன் பகுதியில் வருகிறது.

இதன் உண்மையான சிக்கல் இரண்டு இடங்களில். தீவிர சிகிச்சைப் பிரிவில் நாள்கணக்கில் ஓடும்போது எண்ணெய் கணக்கில் வந்துவிடும். மி.லி.க்கு 1.1 கலோரி. மணிக்கு 20 மி.லி. ஓடினால் ஒரு நாளைக்கு 528 கலோரி கொழுப்பிலிருந்து மட்டும் போகிறது. சர்க்கரை நோயாளிகளில் டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு முன்பே கூடியவர்கள் அதிகம் என்பதால் அதை இடையிடையே அளக்க வேண்டும். குழாய் வழி உணவின் கொழுப்பையும் அதற்கேற்பக் குறைக்க வேண்டும். மற்றது கிருமி. இந்த எண்ணெய்க் குழம்பில் பாக்டீரியா சுகமாக வளரும். ஒரு குப்பி ஒரு நோயாளிக்குத்தான். திறந்த குப்பியில் மிச்சம் இருப்பதை அடுத்தவருக்கு வைத்துக்கொள்வது யாருக்கும் கூடாது, தொற்றை எதிர்க்கும் திறன் குறைந்த சர்க்கரை நோயாளிக்கு அறவே கூடாது. மதிப்பெண் ஏழு.

எட்டோமிடேட், கீட்டமின், டெக்ஸ்மெடிட்டோமிடின்

இவையும் நரம்பு வழி மருந்துகள்தான். எட்டோமிடேட் சர்க்கரைக் கணக்கில் மட்டும் பார்த்தால் முதல் மாணவன் போலத் தோன்றும். அட்ரினல் சுரப்பியில் கார்டிசால் தயாரிக்கும் 11-பீட்டா ஹைட்ராக்ஸிலேஸ் என்ற நொதியையே அடைத்துவிடுகிறது. கார்டிசால் ஏறாவிட்டால் சர்க்கரையும் அவ்வளவு ஏறாது. கிலோவுக்கு 0.3 மி.கி. என்ற ஒரே ஒரு டோஸ்கூட மணிக்கணக்கில் இந்த அடைப்பை நீடிக்கச் செய்யும். இதை நல்ல குணமாக எண்ணிவிடக் கூடாது. கார்டிசால் இல்லாமல் கடும் நோயைத் தாங்க உடலால் முடியாது. தீவிர சிகிச்சையில் இதைத் தொடர் டிரிப்பாக ஓட்டியவர்களிடம் இறப்பு கூடியதை 1983-இல் பிரிட்டன் மருத்துவர்கள் கவனித்து எழுதிய பிறகுதான் அந்தப் பழக்கம் நின்றது. பலவீனமான இதயத்துக்கு ஒரு டோஸ் என்பதோடு நிறுத்த வேண்டிய மருந்து. சர்க்கரை நன்றாக இருக்கிறது என்பதற்காக ஒரு மருந்தைப் புகழக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் தட்டில் இல்லை.

கீட்டமின் அட்ரினலின் பக்கத்து மருந்து. மயக்கத்துக்கான கிலோவுக்கு 1 முதல் 2 மி.கி. அளவில் ரத்த அழுத்தம், நாடித்துடிப்போடு சர்க்கரையையும் கொஞ்சம் தூக்கும். வலிக்காகக் கொடுக்கும் சிறு அளவில் அது பெரிதாகத் தெரியாது. ஆராய்ச்சிக் கூடத்து மாணவர்களுக்கு ஒரு வார்த்தை: எலிக்குக் கீட்டமினும் சைலசின் என்ற விலங்கு மயக்க மருந்தும் கலந்து கொடுத்துவிட்டுச் சர்க்கரைத் தாங்கும் திறன் சோதனை செய்யாதீர்கள். சைலசின் இன்சுலினை அடக்கிச் சர்க்கரையைச் சட்டென்று ஏற்றும். நீங்கள் அளப்பது எலியின் நோயை அல்ல, மயக்க மருந்தின் விளைவை. நாய், மாட்டுக்குச் சைலசின் போட்ட பிறகு எடுக்கும் ரத்தப் பரிசோதனைக்கும் இதே எச்சரிக்கை.

டெக்ஸ்மெடிட்டோமிடின் சைலசினின் அதே ஆல்ஃபா-2 குடும்பம். பீட்டா செல்லில் நேராக வேலை செய்து இன்சுலினைக் குறைக்கும். அதே சமயம் மூளையிலிருந்து வரும் அட்ரினலின் வேகத்தை அடக்கும். ஆபரேஷன் அறையில் பெரும்பாலும் இரண்டாவது குணமே ஜெயிக்கிறது, சர்க்கரை ஏறுவது மட்டுப்படுகிறது. ஃபென்டனில், மிடாசொலாம் ஆகியவற்றுக்கு வழக்கமான அளவில் சர்க்கரைக் கணக்கில் எழுத அதிகம் இல்லை. வலியை நன்றாக அடக்குவது ஃபென்டனிலின் பங்கு, பதற்றத்தைத் தணிப்பது மிடாசொலாமின் பங்கு. வலி தாங்காமல் துடிப்பவருக்கு எந்த இன்சுலினும் எளிதில் எடுபடாது.

முதுகில் போடும் ஊசி

இடுப்புக்குக் கீழே செய்யும் ஆபரேஷன்களுக்கு இதைவிட நல்ல பொருள் சர்க்கரை நோக்கில் கிடையாது. காரணம் எளிது. மற்ற மருந்துகள் மூளையைத் தூங்கவைக்கின்றன, வெட்டுப்பட்ட செய்தி கீழிருந்து மேலே போய்க்கொண்டேதான் இருக்கும். முதுகு ஊசியில் போடும் மரப்பு மருந்தான புப்பிவாக்கெய்ன் செய்தி போகும் பாதையையே அடைக்கிறது. மார்புக் காம்பு மட்டம்வரை மரத்துப்போகும் அளவுக்கு அடைப்பு ஏறினால் கர்ப்பப்பை, இடுப்பு, கால் ஆபரேஷன்களில் கார்டிசாலும் சர்க்கரையும் ஏறுவது பெரும்பாலும் தடுக்கப்படுகிறது. மேல்வயிற்றில் அவ்வளவு பலன் இல்லை. அங்கிருந்து வேகஸ் நரம்பு வழியாகவும் செய்தி போகிறது, முதுகு ஊசி அந்த நரம்பைத் தொடுவதில்லை.

இன்னொரு லாபம், நோயாளி விழித்திருக்கிறார். சர்க்கரை தாழ்ந்தால் வியர்வை, படபடப்பு, உளறல் என்று அவரே காட்டிக்கொடுத்துவிடுவார். சீக்கிரம் சாப்பிடவும் முடிகிறது, பழைய மாத்திரை அட்டவணைக்கு விரைவில் திரும்பலாம்.

"ஹெவி" என்று எழுதிய ஆம்ப்யூலில் குளுக்கோஸ் இருக்கிறது என்று லேபிளைப் படித்துவிட்டுப் பயப்படுகிறார்கள். இருக்கிறது, மி.லி.க்கு 80 மி.கி., மருந்து தண்டுவட நீரைவிட எடை கூடிக் கீழே படிவதற்காக. 3 மி.லி. போட்டால் 240 மி.கி. ஒரு தேக்கரண்டிச் சர்க்கரையில் இருபதில் ஒரு பங்கு, அதுவும் ரத்தத்துக்குள் அல்ல. ரத்தச் சர்க்கரை இதனால் ஏறாது.

குறைகளையும் சொல்ல வேண்டும். பல வருடச் சர்க்கரையில் தானியங்கு நரம்புகள் கெட்டிருந்தால் ஊசி போட்டதும் ரத்த அழுத்தம் வழக்கத்தைவிடக் கூடுதலாக விழும். கால் மரப்பும் எரிச்சலும் ஏற்கெனவே இருந்தால் அதை ஊசிக்கு முன்பே கேஸ் ஷீட்டில் எழுதிவைக்க வேண்டும். பின்னால் "ஊசி போட்டதால்தான் கால் மரத்தது" என்ற பேச்சு எழும். அடைப்பு இரண்டு மூன்று மணி நேரத்தில் விலகத் தொடங்கியதும் அதுவரை தடுக்கப்பட்ட அலை மெல்லத் தலைதூக்கும். அதனால் வார்டில் அளப்பதை விட்டுவிடக் கூடாது. எல்லாம் கழித்தும் பத்துக்கு ஒன்பது.

பல் பிடுங்கப் போடும் மரப்பு ஊசியைப் பற்றியும் கேட்கிறார்கள். 80,000-க்கு ஒரு பங்கு அட்ரினலின் கலந்த லிக்னோகெய்ன் 1.8 மி.லி.யில் 22.5 மைக்ரோகிராம் அட்ரினலின். ஒன்றிரண்டு ஊசிக்குச் சர்க்கரை பெரிதாக அசையாது. சாப்பிடாமல் இன்சுலின் மட்டும் போட்டுக்கொண்டு பல் மருத்துவரின் நாற்காலியில் உட்காருவதுதான் ஆபத்து.

வாந்தி ஊசி: எல்லோரும் மறந்துவிடும் டெக்ஸாமெத்தசோன்

ஆபரேஷன் மறுநாள் சுகர் ஏன் இப்படி என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் முதலில் மயக்கக் குறிப்பேட்டைத் திறந்து இந்தப் பெயரைத் தேட வேண்டும். வாந்தி வராமல் இருக்க 4 அல்லது 8 மி.கி. கொடுப்பார்கள். 8 மி.கி. டெக்ஸாமெத்தசோன், ஸ்டீராய்டு பலத்தில் 200 மி.கி. ஹைட்ரோகார்டிசோனுக்கும் மேல். செயல் ஒன்றரை நாள் நீடிக்கும். காலையில் போட்ட ஊசியின் சர்க்கரை ஏற்றம் மாலையிலும் இரவிலும்தான் நன்றாகத் தெரியும். அப்போது மயக்க மருத்துவர் வீட்டுக்குப் போயிருப்பார், வார்டில் யாருக்கும் அது நினைவிருக்காது.

அதற்காக இதை ஒதுக்கிவிடச் சொல்லவில்லை. 2021-இல் வெளியான பாடி என்ற பெரிய ஆய்வில், சர்க்கரை நோயாளிகளையும் சேர்த்து 8,880 பேரிடம் 8 மி.கி. கொடுத்தும் கொடுக்காமலும் பார்த்தார்கள். புண்ணில் தொற்று கொடுத்தவர்களில் 8.1 சதவீதம், கொடுக்காதவர்களில் 9.1 சதவீதம். ஸ்டீராய்டால் புண் ஆறாது என்ற பயத்துக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. வாந்தி நின்றால் நோயாளி சாப்பிடுவார், மாத்திரை வயிற்றில் தங்கும். சர்க்கரை நோயாளிக்கு அது சின்ன லாபம் இல்லை. எங்கள் நிலை இது: எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை) கட்டுக்குள் இருப்பவருக்கு 4 மி.கி. தாராளமாகப் போடலாம். ஏற்கெனவே 250-இல் நிற்பவருக்கு ஆன்டன்செட்ரான் என்ற வேறு வாந்தி ஊசி 4 மி.கி.யும் புரொப்போஃபால் வழியும் போதும். டெக்ஸாமெத்தசோன் போட்டால் ஒரு நிபந்தனை. அடுத்த 24 மணி நேரத்துக்கு நாலு மணிக்கு ஒருமுறை சுகர் பார்க்க வேண்டும் என்று போட்டவரே வார்டு ஷீட்டில் எழுத வேண்டும்.

இன்சுலினும் அதன் சிரிஞ்சும்

தட்டில் உயிரைப் பறிக்கக்கூடிய தவறு நடப்பது இங்கேதான். இந்தியாவில் குப்பியில் வரும் ரெகுலர் இன்சுலின் பெரும்பாலும் யூ-40, அதாவது மி.லி.க்கு 40 யூனிட். பேனா காட்ரிட்ஜ்கள் யூ-100. யூ-40 சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி, யூ-100 சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடி. காட்ரிட்ஜிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் 10 கோடுவரை இழுத்தால் உள்ளே போவது 25 யூனிட். நேர்மாறாக யூ-40 மருந்தை ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 10 கோடுவரை இழுத்தால் போவது வெறும் 4 யூனிட். முதல் தவறில் நோயாளி மயக்கத்திலேயே தாழ்சர்க்கரைக்குள் போவார். இரண்டாவதில் "இன்சுலின் எடுபடவில்லை" என்று மேலும் மேலும் ஏற்றுவார்கள்.

டிரிப்பாக ஓட்ட 50 மி.லி. சலைனில் 50 யூனிட் கலப்பது வழக்கம். யூ-40 குப்பியிலிருந்து இதற்கு 1.25 மி.லி. வேண்டும். 0.5 மி.லி. இழுத்துவிட்டு 50 யூனிட் என்று எழுதுவது அடிக்கடி நடக்கும் பிழை. உள்ளே இருப்பது 20 யூனிட்தான். கலந்ததும் முதல் 20 மி.லி.யைக் குழாய் வழியே ஓடவிட்டுக் கொட்டிவிட வேண்டும். இன்சுலின் பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொள்ளும். குழாய் நிறைய ஒட்டி முடியும்வரை நோயாளிக்குப் போவது குறைவாகவே இருக்கும். இன்சுலின் டிரிப் ஓடும்போது பொட்டாசியமும் செல்லுக்குள் போவதால் அதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

எந்த எண்ணைக் குறிவைப்பது? அமெரிக்க நீரிழிவுச் சங்கம் ஆபரேஷனைச் சுற்றிய நேரத்துக்கு டெசிலிட்டருக்கு 100 முதல் 180 மி.கி. என்கிறது. 110-க்குக் கீழே இறுக்கிப் பிடிக்கும் ஆசை ஒரு காலத்தில் இருந்தது. 2009-இல் வந்த நைஸ்-சுகர் ஆய்வு 6,000-க்கும் மேற்பட்ட தீவிர சிகிச்சை நோயாளிகளைப் பார்த்தது. 81 முதல் 108-க்குள் இறுக்கியவர்களில் 27.5 சதவீதம் இறந்தார்கள், 180-க்குள் விட்டவர்களில் 24.9 சதவீதம். அதோடு அந்த ஆசை ஓய்ந்தது. முழு மயக்கத்தில் இருப்பவருக்கு வியர்வையும் உளறலும் காட்டிக்கொடுக்காது. நாடியை மட்டுப்படுத்தும் பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுபவருக்கு நாடிகூட வேகமெடுக்காது. 60 என்ற சுகரும் 160 என்ற சுகரும் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும். இன்சுலின் ஓடும்வரை மணிக்கு ஒருமுறை அளக்காமல் இருக்கக் கூடாது. 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் தட்டிலேயே இருக்க வேண்டும். 60 முதல் 80 மி.லி.யில் 15 முதல் 20 கிராம் குளுக்கோஸ் கிடைத்துவிடும். கொடுத்து 15 நிமிடத்தில் மறுபடி அளக்க வேண்டும்.

அளக்கும் கருவி

குளுக்கோமீட்டர் வீட்டில் நல்ல பொருள். தியேட்டரில் அதன் எண்ணைச் சந்தேகத்தோடு வாங்க வேண்டும். 2013-இன் ஐஎஸ்ஓ 15197 தரப்படி 100-க்கு மேல் 15 சதவீதம் கூடக்குறைய இருந்தாலே பாஸ். உண்மையில் 200 என்றால் 170-ம் காட்டலாம், 230-ம் காட்டலாம். ரத்தம் இழந்து சிவப்பணு குறைந்தவருக்கு மீட்டர் கூட்டிக் காட்டும், அந்தப் பொய் எண்ணுக்கு இன்சுலின் போட்டால் தாழ்சர்க்கரைதான். குளுக்கோஸ் ஆக்ஸிடேஸ் வகை ஸ்ட்ரிப், ரத்தத்தில் ஆக்ஸிஜன் மிகுந்தால் குறைத்துக் காட்டும். மயக்கத்தில் இருப்பவருக்கு ஆக்ஸிஜன் கூடுதலாகவே ஓடுகிறது. பிபி விழுந்து விரல் சில்லிட்டிருந்தால் விரல் நுனி ரத்தத்தை நம்பக் கூடாது. இந்த நிலைகளில் தமனி ரத்தத்தைப் பிளட் கேஸ் மிஷினில் போட்டுப் பார்ப்பதே சரி.

ரத்தம் எடுக்கும் இடத்தில் இன்னொரு பள்ளம். 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸில் டெசிலிட்டருக்கு 5,000 மி.கி. குளுக்கோஸ். டிரிப் ஓடும் கையிலிருந்தே ரத்தம் எடுத்து, இருபதில் ஒரு பங்கு டிரிப் கலந்தாலே எண்ணில் 250 கூடிவிடும். தமனிக் குழாயைக் கழுவும் பாட்டிலாகச் சலைனுக்குப் பதில் டெக்ஸ்ட்ரோஸ் மாட்டப்பட்டு, பொய்யாக உயர்ந்த எண்ணுக்கு இன்சுலின் ஏற்றி நோயாளிகள் இறந்திருக்கிறார்கள். பிரிட்டனில் 2008-இலேயே இதற்காக நாடு முழுக்க எச்சரிக்கை விட்டார்கள். எண் திடீரென்று எகிறினால் இன்சுலினைத் தொடுமுன் பாட்டிலின் லேபிளைப் படியுங்கள், மறு கையில் மறுபடி எடுங்கள்.

கையில் ஒட்டும் சென்சார்கள் வார்டில் போக்கைப் பார்க்க நல்லவை. மேஜையில் அவற்றை மட்டும் நம்பி இன்சுலின் மாற்றக் கூடாது. சர்க்கரை வேகமாக மாறும்போது சில நிமிடங்கள் பின்தங்கும், உடல் எடை அதன்மேல் அழுந்தினால் பொய்யாகத் தாழ்வு காட்டும். சில வகைகளை வைட்டமின் சி-யும் ஏமாற்றும்.

வீட்டிலிருந்து வரும் மாத்திரைப் பை

தட்டில் இல்லாத இரண்டு பொருள்களைச் சேர்க்காமல் இந்த மதிப்பீடு நிறையாது. ஒன்று செமாக்ளூடைடு, டிர்செபடைடு போன்ற வார ஊசிகள். இரைப்பை மெதுவாகக் காலியாவதால், ஆறு மணி நேரம் பட்டினி இருந்தவர் வயிற்றிலும் சாப்பாடு இருக்கலாம். மயக்கத்தில் அது நுரையீரலுக்குள் போகக்கூடும். ஊசி போடுவதை மயக்க மருத்துவரிடம் மறைக்கக் கூடாது, எடை குறைப்பதற்காகப் போட்டாலும்.

மற்றது டாப்பாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின், கானாகிளிஃப்ளோசின் குடும்பம். சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும் மாத்திரைகள். டாப்பாகிளிஃப்ளோசினுக்குக் காப்புரிமை 2020-இல் முடிந்த பிறகு இந்தியாவில் விலை விழுந்து, மெட்ஃபார்மினோடும் வில்டாகிளிப்டினோடும் சேர்த்து ஒரே மாத்திரையாகவும் வருகிறது. பலருக்குத் தாங்கள் இதைச் சாப்பிடுவதே தெரியாது. பெயரைக் கேட்டால் "சுகர் மாத்திரை" என்பார்கள். அதனால் அட்டையையே கொண்டுவரச் சொல்ல வேண்டும், கலவைப் பெயர்களில் "கிளிஃப்ளோசின்" என்ற வால் இருக்கிறதா என்று தேட வேண்டும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2020-இல் சொன்னபடி இந்த மூன்றையும் ஆபரேஷனுக்கு மூன்று நாள் முன்பே நிறுத்த வேண்டும், எர்டுகிளிஃப்ளோசினை நான்கு நாள். மெட்ஃபார்மினையும் கிளிமெபிரைடையும் ஆபரேஷன் அன்று காலை விட்டால் போதும். அடிப்படை இன்சுலினை முழுக்க நிறுத்துவதில்லை, தினசரி அளவில் முக்கால் பங்கைக் கொடுப்பது வழக்கம். இதில் எதையும் வீட்டில் தானாக முடிவு செய்யாமல், தேதி போட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கிளிஃப்ளோசினை நிறுத்தாமல் பட்டினியோடு மேஜைக்கு வந்தால், கத்தியின் அலையும் இன்சுலின் குறைவும் சேர்ந்து உடல் கொழுப்பை எரித்துக் கீட்டோன் அமிலத்தைக் கூட்டும். சர்க்கரை சிறுநீரில் வடிந்துகொண்டே இருப்பதால் மீட்டரில் 170, 190 என்று அடக்கமான எண்தான் தெரியும். மறுநாள் அவர் வாந்தி எடுப்பார், வயிறு வலிக்கிறது என்பார், வேகமாக ஆழ்ந்து மூச்சு விடுவார். "மயக்க மருந்து ஒத்துக்கலை, சுகர் நல்லாத்தான் இருக்கு" என்று இன்னொரு வாந்தி ஊசி போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்கள். அந்த நேரத்தில் கேட்க வேண்டியது சுகர் எண்ணை அல்ல, ரத்தக் கீட்டோன் எண்ணை. லிட்டருக்கு 3 மில்லிமோலைத் தாண்டினால், பிளட் கேஸில் அமிலமும் ஏறியிருந்தால், சுகர் 180 ஆனாலும் குளுக்கோஸ் டிரிப்போடு இன்சுலினும் சேர்த்து ஓட்டியாக வேண்டும், கீட்டோன் இறங்கும்வரை.